உள்ளங்கால் கட்டியும் தெய்வக் குற்றமும்

(தூத்துக்குடியில் கூடிய பகுத்தறிவுக் கூட்டத்தில் செய்யப்பட்ட சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கடவுளைப் பற்றியதோ, புராணத்தைப் பற்றியதோ அல்ல. உள்ளங்காலில் உண்டாகும் கட்டியைப் பற்றித்தான் பேசப் போகிறேன். இதைக் கேட்டதும் உங்களில் சிலர், "இதற்கு ஒரு கூட்டமா? இதைச் சொல்ல டாக்டர்கள் இல்லையா?" என்று நினைக்கலாம். டாக்டரிடம் போனால் டாக்டர் சொல்லுவார் என்பது வாஸ்தவந்தான். ஆனால், நம் மக்கள் டாக்டர் வாசலுக்குப் போய்ச் சேருவதற்கு முந்தி எத்தனை வாசல் ஏறி இறங்குகிறார்கள் என்பதை யோசித்துப் பார்த்தால், இது கூட்டம் போட்டுப் பேச வேண்டிய விஷயந்தான் என்பது விளங்கும்.

ஒரு தொழிலாளியின் உள்ளங்காலில் சுண்டைக்காய் அளவில் ஒரு முண்டு கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் அவர் அதைக் கவனிப்பதில்லை. அது கொட்டைப் பாக்கு அளவாகி, நடக்கும்போது வலிக்க ஆரம்பித்ததும் வீட்டில் ஆலோசனை நடக்கிறது. ஒருவர் எல்லையம்மனுக்கு நேர்ந்துகொண்டது பாக்கி என்கிறார். மற்றொருவர் யாரோ வைத்த செய்வினையை மிதித்துவிட்டதாகச் சொல்லுகிறார். ஜோசியர் சனியன் காலில் நிற்கிறான் என்கிறார். கோடாங்கி குடும்பத்துச் செலவைக் கூட்டிவிட்டுப் போகிறார். பிறகு வெள்ளியில் கால் செய்து காணிக்கை போடப்படுகிறது. இதில் மத வித்தியாசம் கிடையாது. இந்துவின் கோவிலில் வெள்ளிக்கால் விழுவது போலவே வேளாங்கண்ணியிலும் விழுகிறது. காணிக்கை வாங்குவதில் எல்லாத் தெய்வமும் ஒரே சாதியைச் சேர்ந்தவைதான். கடைசியாக, ஆணி பிடுங்குகிறவர் ஒருவர் வந்து பிளேடால் கீறி, எருக்கம்பால் வைத்து, அதுவும் ஆகவில்லையென்றால் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சூடும் போடுகிறார். இவ்வளவுக்கும் பிறகு, கால் சீழ் பிடித்து வீங்கினபோதுதான் ஆஸ்பத்திரி ஞாபகம் வருகிறது.

இந்த ஊரில் இதைப் பேசுவதற்குத் தனிக் காரணமும் உண்டு. இது காலால் பிழைக்கும் ஊர். துறைமுகத்தில் மூட்டை சுமக்கிறவரும், உப்பளத்தில் உப்பு வாருகிற பெண்ணும், கடற்கரையில் வலை இழுக்கிறவரும், பாரில் இறங்கிச் சங்கு குளிக்கிறவரும் காலை நம்பித்தான் அடுப்பு எரிக்கிறார்கள். கால் நின்றால் கூலி நின்றது; கூலி நின்றால் வட்டிக்காரன் வந்தான். ஆகவே உள்ளங்கால் கட்டி என்பது இங்கே வயிற்றுப்பாட்டு விஷயமாகும்.

நார்க் கட்டி என்பது என்ன?

நம் உள்ளங்காலின் தோலுக்கும் கொழுப்புக்கும் அடியில், குதிகால் எலும்பிலிருந்து புறப்பட்டு விரல்களின் அடிவரைக்கும் விரிந்து செல்லும் உறுதியான நார்ப்பட்டை ஒன்று இருக்கிறது. வில்லுக்கு நாண் எப்படியோ, பாதத்தின் வளைவுக்கு இந்தப் பட்டை அப்படி. நாம் நடக்கும்போது பாதத்தின் வளைவு நொடிந்துபோகாமல் தாங்குவதற்கு இதுவும் துணை. இந்தப் பட்டையில் உள்ள நார் அணுக்கள் ஓரிடத்தில் அளவுக்கு மேல் பெருகி, கயிற்றில் முடிச்சு விழுந்தது போலத் திரண்டுகொள்வதுதான் நான் சொல்லும் நார்க் கட்டி. இது பெரும்பாலும் பாதத்தின் நடு வளைவில், உட்பக்கமாக உண்டாகும். மெதுவாக, மாதக் கணக்கிலும் வருஷக் கணக்கிலும் வளரும். சில சமயம் ஒன்றுக்குப் பக்கத்தில் மற்றொன்று வரும். சிலருக்கு இரண்டு பாதங்களிலும் வரும். நடுத்தர வயதில், பெண்களைவிட ஆண்களுக்கு அதிகமாகக் காணப்படுகிறது.

இதில் முக்கியமாக நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, இது புற்று அல்ல என்பதாகும். இது ரத்தத்தில் கலந்து வேறு இடத்துக்குப் பரவுவதில்லை, உயிரை வாங்குவதில்லை. வலி கொடுக்கலாம், நடையைக் கெடுக்கலாம், அவ்வளவுதான். சிலருக்கு அந்த வலியும் இருப்பதில்லை.

1894-ஆம் வருஷத்தில் ஜார்ஜ் லெடர்ஹோஸ் என்ற ஜெர்மானிய ரண வைத்தியர் இந்தக் கட்டியைப் பற்றி விவரமாக எழுதினார். ஆனபடியால் வைத்திய நூல்களில் இதற்கு அவர் பெயரே வழங்குகிறது. இந்த லெடர்ஹோஸைப் பற்றி நம் கடற்கரைத் தோழர்கள் கேட்கத் தகுந்த ஒரு சங்கதி உண்டு. அவர் வாலிபராயிருந்தபோது, 1876-ல், நம் வலைகளில் விழும் சிங்கி இறாலின் இனத்தைச் சேர்ந்த ஒரு பெரிய இறாலின் ஓட்டைக் கடுமையான திராவகத்தில் காய்ச்சி, அதிலிருந்து குளுகோசமின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். மூட்டு வலிக்காக இன்று மருந்துக் கடைகளில் விற்கப்படும் குளுகோசமின் மாத்திரையில் இருப்பது அதே பொருள்தான். அவரைத் தூண்டிவிட்டது அவருடைய மாமன் முறையான பிரெடெரிக் வோலர் என்ற ரசாயன அறிஞர். உயிருள்ள உடம்பில் மட்டுமே உண்டாகும் என்று எண்ணப்பட்டிருந்த யூரியாவை 1828-லேயே உயிரில்லாத சரக்குகளைக் கொண்டு செய்து காட்டியவர் இந்த வோலர். உடம்பின் பொருள்களை உண்டாக்க ஏதோ ஒரு தெய்வீக சக்தி வேண்டும் என்ற எண்ணம் அன்றைக்கே ஆட்டங்கொடுக்கத் தொடங்கிவிட்டது. ஓட்டைக் காய்ச்சிப் பார்த்த அதே புத்திதான் பின்னால் காலின் கட்டியையும் அறுத்துப் பார்த்தது. ஒருவரும் வெள்ளிக்கால் செய்து போட்டு இதைக் கண்டுபிடிக்கவில்லை.

பாபத்தால் வருகிறதா?

முன்ஜென்மத்தில் செய்த பாபத்தால்தான் இது வருகிறது என்று சொல்லுகிறவர்களிடம் நான் ஒரு கேள்வி கேட்க ஆசைப்படுகிறேன். இந்த நார்க் கட்டி அய்ரோப்பாவின் வடதேசத்துச் சந்ததியாருக்குத்தான் அதிகமாக வருகிறது; நம் நாட்டாருக்குக் குறைவு. அப்படியானால் நார்வேக்காரன் நம்மைவிடப் பெரிய பாபியா? கன்னத்தில் போட்டுக்கொண்டு கோவிலைச் சுற்றி வரும் நம்மைவிட அவன் அதிகமாக எந்தத் தெய்வத்தை அவமதித்துவிட்டான்? அவனுக்கு நம் அம்மனைத் தெரியவே தெரியாதே!

வெள்ளைக்காரன் மாத்திரம் புத்திசாலியாகப் பிறந்துவிட்டான் என்று நான் சொல்லவரவில்லை. இதே மாதிரியான நார் வியாதி உள்ளங்கையிலும் உண்டாகும். அங்கே அது விரல்களை மடக்கிவிடும். பாரிஸ் பட்டணத்து வைத்தியர் டுப்யூட்ரன் 1831-ல் அதை அறுத்து விளக்கினார் என்பதால் அதற்கு அவர் பெயர். ஸ்காட்லாந்து மலைநாட்டில் பரம்பரையாகக் குழல் வாசித்து வந்த மாக்ரிம்மன் குடும்பத்தின் பெயரால் அதற்குச் 'சாபம்' என்றே பெயர் வழங்கியது. குழல் வாசிக்கிறவனுக்கு விரல் மடங்கினால் பிழைப்பே போய்விடுமாதலால் அதைச் சாபம் என்று எண்ணினார்கள். குடும்பத்தில் வழிவழியாக வருவது சாபத்தால் அல்ல, தாய் தகப்பனிடமிருந்து இறங்கும் மரபுக் கூற்றால் என்பதை இன்றைய ஆராய்ச்சி காட்டிவிட்டது. கையில் இந்த வியாதி உள்ளவருக்குக் காலிலும் வரலாம். நீரிழிவு உள்ளவர், காக்காய் வலிப்புக்காகச் சில மருந்துகளை வெகு காலம் சாப்பிட்டவர், அதிகமாகக் குடிப்பவர் ஆகியவர்களிடையே இது கூடுதலாகக் காணப்படுவதாகவும் சொல்லுகிறார்கள். முழுக் காரணமும் இன்னும் தெளியவில்லை. தெளியவில்லை என்று வைத்தியர்களே ஒப்புக்கொள்ளுகிறார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுவதுதான் அறிவு. அந்த இடத்தில் தெய்வத்தைக் கொண்டுவந்து நிறுத்துவது வியாபாரம்.

முத்தும் ஒரு கட்டிதானே!

இந்த ஊர்க்காரர்களுக்குக் கட்டி என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதே இல்லை. உலகமெல்லாம் புகழ்ந்த தூத்துக்குடி முத்து, சிப்பியின் உடம்பில் விழுந்த ஒரு கட்டிதானே! சுவாதி நட்சத்திரத்தன்று பெய்யும் மழைத்துளி சிப்பியின் வாயில் விழுந்து முத்தாகிறது என்று நம் முன்னோர் நம்பினார்கள். உண்மையோ வேறு. சிப்பிக்குள்ளே புழுவோ, வேறு அன்னியப் பொருளோ புகுந்தபோதும், அதன் தோலணுக்கள் இடந்தவறி உள்ளே சிக்கியபோதும், ஓட்டின் உட்புறத்தில் பூசும் அதே பளபளப்பான சரக்கைச் சிப்பி அதைச் சுற்றிலும் அடுக்கடுக்காகப் பூசுகிறது. அதுவே முத்து. இதை அறிந்துகொண்ட மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் 1973-ல் நம் பக்கத்து வேப்பலோடையில் சிப்பிக்குள் மணியை வைத்து, மனிதன் கையாலேயே முத்தை விளைவித்துக் காட்டினார்கள். சுவாதி நட்சத்திரம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

நம் உள்ளங்கால் கட்டி முத்தைப் போல வெளிப் பொருளைச் சுற்றி விளைவதல்ல. நம்முடைய அணுக்களே பெருகி உண்டாவது. ஆயினும் இரண்டிலும் பாடம் ஒன்றே. காரணத்தைத் தேடினவனுக்குக் கைக்கு வழி கிடைத்தது. கதையை நம்பினவனுக்குக் கதைதான் மிச்சம்.

அக்காலத்தில் முத்துக் குளிப்புக்கு முன், சுறாவின் வாயைக் கட்டுவதற்கென்று 'கடல்கட்டி' என்ற மந்திரக்காரர்கள் இருந்தார்கள். 13-ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் வந்த வெனிஸ் பட்டணத்து மார்க்கோ போலோ, கிடைத்ததில் இருபதில் ஒரு பங்கு இந்த மந்திரக்காரர்களுக்குப் போயிற்று என்று எழுதி வைத்திருக்கிறார். மூச்சடக்கி மூழ்கினவனுக்குக் காது கிழிந்தது. கரையில் உட்கார்ந்து முணுமுணுத்தவனுக்குப் பங்கு கிடைத்தது! சர்க்கார் நடத்திய முத்துக் குளிப்பு 1961-ஆம் வருஷத்தோடு நின்றுபோயிற்று, கடல்கட்டியும் போய்விட்டார். ஆனால், காலில் கட்டி வந்தவனிடம் பங்கு வாங்கும் 'கால்கட்டிகள்' இன்னும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

நிற்க. இந்தக் கட்டியை நல்ல வைத்தியர் எப்படி அறிகிறார் என்பதைக் கவனியுங்கள். முதலில் கண்ணால் பார்க்கிறார். பிறகு விரலால் தொட்டுப் பார்க்கிறார். எங்கே இருக்கிறது, எத்தனை நாளாக இருக்கிறது, வேகமாக வளர்கிறதா, முள் குத்தினதுண்டா, கையிலும் இப்படி முடிச்சு உண்டா, குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்கிறார். கால் விரல்களை மேலே தூக்கச் சொல்லிப் பார்க்கிறார். அப்போது நார்ப்பட்டை இழுத்துக்கொள்வதால் முடிச்சு நன்றாகப் புடைத்துத் தெரியும். கட்டி உறுதியாக, பட்டையோடு பதிந்து இருக்கும். மேலே உள்ள தோல் பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். பல பேருக்கு இந்த அளவிலேயே விஷயம் தீர்ந்துவிடும். சந்தேகம் இருந்தால் ஒலியலையைக் கொண்டு உள்ளே பார்க்கும் ஸ்கேன் எடுப்பார். கட்டி பெரிதாகவோ ஆழமாகவோ இருந்தாலும், அறுக்க உத்தேசித்தாலும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுப்பதுண்டு. அப்போதும் சந்தேகம் தீராவிட்டால்தான் ஒரு துணுக்குச் சதையை எடுத்துப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்ப்பார்.

நாம் எந்த விஷயத்தையும் எப்படி ஆராய வேண்டும் என்று மேடைதோறும் சொல்லி வருகிறோமோ, அதே காரியத்தை அந்த வைத்தியர் ஒரு பாதத்தில் செய்து காட்டுகிறார். பார்க்கிறார், கேட்கிறார், தொடுகிறார், சந்தேகப்படுகிறார், பரீட்சை செய்கிறார். அதற்குப் பிறகே முடிவு சொல்லுகிறார். கோடாங்கியோ முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறார். காலை அவர் பார்ப்பதே இல்லை.

கட்டி எல்லாம் ஒரே கட்டி அல்ல

நார்க் கட்டி நம் நாட்டில் குறைவு என்று சொன்னேன். அதனால் ஒரு ஜாக்கிரதை அவசியமாகிறது. நம்மவர் உள்ளங்காலில் ஒரு முண்டு வந்தால் அது வேறு ஏதாவதாக இருக்கவும் இடமுண்டு. அவைகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

காலாணி என்பது தோலே தடித்துப் போவது. கால் அழுந்தும் இடத்தில் வரும். நேராக அமுக்கினால் வலிக்கும். மரு என்பது கிருமியால் வருவது. அதில் தோலின் ரேகைகள் அறுபட்டு, சிறு கரும்புள்ளிகள் தெரியும். பக்கவாட்டில் பிதுக்கினால் வலிக்கும். ஆணிக்கென்று கடையில் விற்கும் மருந்துப் பட்டையை நார்க் கட்டியின் மேல் ஒட்டினால் கட்டி கரையாது, மேல்தோல்தான் வெந்துபோகும். நீரிழிவுக்காரர் இப்படிச் செய்துகொண்டால் காலையே இழக்க நேரிடலாம்.

கடலில் இறங்குகிற தோழர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். கடலடியில் முள்ளுருண்டை போலக் கிடக்கும் பிராணியின் முள்ளோ, சிப்பித் துண்டோ, பாறைச் சில்லோ காலில் ஒடிந்து தங்கிவிட்டால், உடம்பு அதைச் சுற்றிலும் கெட்டியான முண்டு ஒன்றைக் கட்டிவிடும். அதற்கு வைத்தியம் அந்தத் துண்டை எடுப்பதுதான்.

அடுத்தது நம் பக்கத்து மதுரையின் பெயரையே உலக வைத்திய நூல்களில் ஏற்றிவிட்ட வியாதி. 1842-ல் மதுரை வைத்தியசாலையில் இருந்த கில் என்பவர் இதைக் குறித்து எழுதினார். 1846-ல் கோல்புரூக் என்பவர் 'மதுரைக் கால்' என்று இதைக் குறிப்பிட்டார். பிறகு பம்பாயில் வான்டைக் கார்ட்டர் என்ற வைத்தியர் இது காளான் இனக் கிருமியால் வருவது என்று ஆராய்ந்து பெயர் கொடுத்தார். காளான்களால் மட்டுமன்றி வேறு சில நுண்கிருமிகளாலும் இது வருவதுண்டு என்பது பின்னால் தெரிந்தது. வெறுங்காலில் முள் குத்தும்போது மண்ணிலுள்ள கிருமி உள்ளே புகுந்துவிடுகிறது. முதலில் வலியில்லாத ஒரு முண்டுதான் தோன்றும். பிறகு பாதம் வீங்கி, அங்கங்கே துளை விழுந்து, அந்தத் துளைகளிலிருந்து கறுப்பாகவோ வெள்ளையாகவோ மஞ்சளாகவோ சிவப்பாகவோ குருணை போன்ற மணிகள் சீழோடு வெளிவரும். விட்டுவிட்டால் எலும்பையும் அரித்துவிடும். ஆரம்பத்திலேயே காட்டினால், இன்ன கிருமி என்று கண்டு, அதற்குத் தகுந்த மருந்து கொடுத்துக் காலைக் காப்பாற்றலாம். உலக சுகாதார ஸ்தாபனம் 2016-ல் இதைக் கவனிக்கப்படாத வியாதிகளின் ஜாபிதாவில் சேர்த்தது. கவனிக்கப்படாததற்குக் காரணம் என்ன? இது வருவதெல்லாம் செருப்பில்லாத ஏழைக்கு!

கட்டியிலோ, புண்ணிலோ, பாதத்திலோ தொடு உணர்ச்சியே இல்லையென்றால் அது தொழுநோயாகவோ நீரிழிவால் நரம்பு கெட்டதாகவோ இருக்கலாம். தொழுநோய்க்கு இன்று சர்க்கார் ஆஸ்பத்திரியிலேயே இலவச மருந்து உண்டு. மருந்து சாப்பிட்டால் குணமாகிவிடும்.

இனி மச்சத்தின் சங்கதி. உள்ளங்காலில் மச்சம் இருந்தால் கப்பலேறி ஊர் சுற்றுவான் என்று நம்மவர்கள் சொல்லுவது உண்டு. துறைமுகப் பட்டணமாதலால் இங்கே சிலருக்கு அது பலித்தது போலவும் தோன்றும்! ஆனால் உள்ளங்காலிலோ நகத்தடியிலோ புதிதாகத் தோன்றிப் படர்கிற, ஓரம் கோணலான, நிறம் மாறுகிற, ரத்தம் கசிகிற கரும்புள்ளி ஒருவகைக் கொடிய புற்றாக இருக்கலாம். கறுத்த தோல் உடையவர்களுக்கு இந்தப் புற்று வந்தால் பெரும்பாலும் கால், கை, நகம் ஆகிய இடங்களில்தான் வருகிறது. ஜமைக்கா தேசத்துப் பாடகர் பாப் மார்லியின் கால் விரலில் 1977-ல் இந்தப் புற்று கண்டறியப்பட்டது. விரலை எடுத்துவிடச் சொன்னபோது, அவருடைய மதக் கொள்கை காரணமாக அதற்கு இணங்கவில்லை என்று சொல்லப்படுகிறது. 1981-ல், 36 வயதில் இறந்துபோனார். ஆகவே வேகமாக வளர்கிற கட்டி, கறுத்துப் படர்கிற புள்ளி, ஆறாத புண், ராத்திரியிலும் தூங்கவிடாத வலி ஆகிய இவைகளில் ஒன்று கண்டாலும் ஜோசியனைக் கேட்கக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வைத்தியம் என்ன?

நார்க் கட்டிதான் என்று தெரிந்த பிறகு என்ன செய்வது? வலி இல்லையென்றால் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கும் அறிவு வேண்டும். சில மாதங்களுக்கு ஒரு முறை பார்த்துக்கொண்டால் போதும்.

வலி இருந்தால், முதல் வைத்தியம் செருப்பு! ஆம் தோழர்களே, மருந்துக்கு முந்தி செருப்புத்தான். மெத்தென்ற ரப்பர் அட்டையில், கட்டி இருக்கும் இடத்துக்கு நேராக ஒரு குழி வெட்டி, பாரம் அதன்மேல் விழாமல் சுற்றிலும் விழும்படி செய்தால், பெரும்பாலோருக்கு வலி தணிந்துவிடும். அதோடு கெண்டைக்காலையும் நார்ப்பட்டையையும் நீட்டிக் கொடுக்கும் பயிற்சியும், வலி அதிகமான நாட்களில் டாக்டர் சொல்லும் மாத்திரையும் சேர்ந்தால் காலத்தைச் சுகமாகத் தள்ளலாம். கட்டிக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவதும் உண்டு. அதனால் சிலருக்குக் கட்டி மிருதுவாகி வலி குறையும். ஆனால் அது நிலைப்பதில்லை. அடிக்கடி போட்டால் பாதத்தின் கொழுப்பு மெலியவும், நார்ப்பட்டை அறுந்துபோகவும் கூடும்.

கத்தியைப் பற்றிச் சொல்லுகிறேன். "அறுத்து எறிந்துவிட்டால் தீர்ந்தது" என்று எண்ணுகிறவர்கள் அநேகர். இதிலும் ஒரு மூடநம்பிக்கை இருக்கிறது. கட்டியை மட்டும் அறுத்தெடுத்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் அது திரும்பவும் முளைத்ததாகவே பல கணக்குகளும் காட்டுகின்றன; சில சமயம் முன்னிலும் முரட்டுத்தனமாக முளைக்கும். பட்டையையும் சேர்த்து அகலமாக எடுத்தால் திரும்புவது குறையும். ஆனால் புண் ஆறுவது தாமதப்படலாம், நரம்பு சேதமாகலாம், வடுவே வலிக்கலாம். ஆகவே மற்ற வழிகளெல்லாம் பார்த்தும் நடக்க முடியாதவருக்கே கத்தி. தெய்வத்தைக் கும்பிடுவதை விட்டுவிட்டுக் கத்தியைக் கும்பிடுவது பகுத்தறிவாகாது.

கதிர்வீச்சால் வலி குறையும் என்று வைத்தியர்கள் சிலர் வெகு காலமாகச் சொல்லி வந்தார்கள். அதை எப்படிச் சோதித்தார்கள் தெரியுமா? நெதர்லாந்து தேசத்தில் 80-க்கு மேற்பட்ட நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மெய்யான கதிரையும், மற்றொரு பிரிவுக்குக் கதிர் இல்லாத வெறும் பாவனையையும் கொடுத்தார்கள். எவருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது. குணத்தை மதிப்பிட்ட வைத்தியருக்கும் தெரியாது. ஒரு வருஷம் கழித்துப் பார்த்ததில் மெய்யான கதிர் பெற்றவர்களுக்கு வலி குறைவாயிருந்தது என்று 2023-ல் வெளியிட்டார்கள். ஏன் இவ்வளவு சிரமம்? சிகிச்சை நடந்தது என்ற நம்பிக்கையாலேயே சிலருக்கு வலி குறைந்தது போலத் தோன்றுவது உண்டு. அந்தத் தோற்றத்தைக் கழித்துவிட்டு உண்மையைக் காண்பதற்குத்தான் இந்த ஏற்பாடு. கோவில் திருநீற்றையும், தேவாலயத்து எண்ணெயையும், தர்க்காவின் தாயத்தையும் இப்படிச் சோதனைக்குக் கொடுக்க எந்த மதக்காரராவது சம்மதிப்பாரா? தன் வைத்தியத்தையே சந்தேகித்துச் சோதிக்கிறவன் வைத்தியன். சந்தேகிக்கிறவனைப் பாவி என்கிறவன் புரோகிதன்.

செருப்பின் கதை

முதல் மருந்து செருப்பு என்று சொன்னேன். இந்த மருந்தை நம் நாட்டில் யார் யாருக்கு மறுத்தார்கள் என்று யோசியுங்கள். 1930-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் பக்கத்து இராமநாதபுரம் ஜில்லாவில் மேல்சாதிக்காரர் எனப்பட்டோர் ஆதிதிராவிட மக்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஆண்கள் வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. முள்ளுக்கும் மண்ணுக்கும் சாதி தெரியாது. காலைத் திறந்து போட்டவனுக்குள் கிருமி போகிறது. இதை நாம் வெறும் மரியாதைக் கேடு என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. காலைப் பறிக்கும் காரியமாகும் அது.

அது மாத்திரமா? தோலைத் தொடுகிறவன், செருப்புத் தைக்கிறவன் தீண்டத்தகாதவன் என்றும் எழுதி வைத்தார்கள். வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியில் 1946 முதல் வேலை பார்த்த பால் பிராண்ட் என்ற ரண வைத்தியர், தொழுநோயாளிகளின் கால் அழிவது சாபத்தாலோ சதை தானே அழுகுவதாலோ அல்ல, உணர்ச்சியில்லாத கால் அடிபடுவதாலேயே என்று எடுத்துக் காட்டினார். அதற்குத் தகுந்த மெத்தென்ற செருப்பையும் சிகிச்சையில் சேர்த்தார். அந்தச் செருப்பைச் செய்ய அவருக்குச் செருப்புத் தைக்கும் கைதான் வேண்டியிருந்தது. மந்திரம் சொல்லும் வாய் வேண்டியிருக்கவில்லை. ரப்பர் அட்டையில் கட்டிக்குக் குழி வெட்டித் தருகிற தோழர் உங்களுக்கு எந்த அர்ச்சகரையும்விட அதிகமான உபகாரம் செய்கிறார். அவரைத் தெருவோரத்தில் உட்கார வைத்துவிட்டு, கர்ப்பக்கிரகத்தில் நிற்பவரைச் சாமி என்று அழைக்கிறோமே, இது நியாயமா?

இன்றைக்கும், செருப்புப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால் திமிர் என்று சொல்லுகிற ஊர்கள் இருக்கின்றன. திருச்செந்தூருக்கு வெறுங்காலோடு நடந்தால்தான் பலன் என்று நீரிழிவுக்காரரையும் நடக்கவிட்டு, கொதிக்கும் தார் ரோட்டில் கால் வெந்து வருகிற காட்சியையும் பார்க்கிறோம். "பொம்பிளைக்கு எதற்குச் செருப்பு?" என்று கேட்கிற ஆண்களும் இருக்கிறார்கள். உப்பளத்தில் உப்பு நீரில் நின்று கால் வெடித்துப் போகிற அந்தத் தாய்க்குத்தான் முதல் ஜோடு வேண்டும் என்பது என் அபிப்பிராயம். உப்பள முதலாளிகளும் துறைமுகக் குத்தகைக்காரர்களும் கோவில் கொடைக்கு எழுதுகிற தொகையில் ஒரு பங்கை வேலையாட்களின் கால் ஜோட்டுக்கு எழுதட்டும். தொழிலாளர் சங்கங்கள் கூலியோடு சேர்த்து அதையும் கேட்கட்டும்.

முடிவாகச் சொல்லுவது

ஆகவே தோழர்களே, நான் உங்களைக் கேட்டுக்கொள்ளுவது சில காரியங்கள்தான். இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் விளக்கு வெளிச்சத்தில் உங்கள் உள்ளங்காலைப் பாருங்கள். உங்கள் தாய், தகப்பன், மனைவி ஆகியோரின் காலையும் பாருங்கள். கால் தொட்டுக் கும்பிடத்தான் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். காலைத் திருப்பிப் பார்க்க ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முண்டு ஏதேனும் இருந்தால் பயப்படாதீர்கள். பிளேடு, எருக்கம்பால், சூடு எதையும் அதன்மேல் வைக்காதீர்கள். நம்ம ஊர் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள். டாக்டரையும் கேள்வி கேளுங்கள். "இது என்ன கட்டி? எப்படித் தெரிந்துகொண்டீர்கள்? அறுக்காவிட்டால் என்ன ஆகும்? அறுத்தால் திரும்பி வருமா?" என்று கேட்க உங்களுக்குப் பூரண உரிமை இருக்கிறது.

நான் சொன்னவற்றையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். உங்கள் காலையும் உங்கள் புத்தியையும் வைத்துப் பரீட்சை செய்து, சரி என்று பட்டதை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கால் செய்ய எடுத்து வைத்த பணம் எந்த வீட்டிலாவது இருந்தால், அதைக் கொண்டு அந்த வீட்டிலுள்ள எல்லோருக்கும் நாளைக்கே நல்ல செருப்பு வாங்குங்கள் என்று சொல்லி என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.